67 சதுர மீட்டரின் மதிப்பு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியமோ கல்வெட்டோ கேட்கலாம் என்று வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியவன். சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொத்து மதிப்பீட்டாளனாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் வீவக வீடுகள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதன் சுருக்கம் அது. அங்குள்ள தமிழர் வாயில் 'வீவக' ஒரு தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1960 பிப்ரவரியில் தொடங்கிய அந்தக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அந்நாட்டவரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் இன்று குடியிருக்கிறார்கள். 'ஹவுசிங் போர்டு வீடு' என்றதும் இங்கே உங்கள் மனத்தில் எழும் படத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அங்கே ஊர் என்பதே அந்த வீடுகள்தான்.

2012இல் ஒரு பிற்பகல். தீவின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய பேட்டை, பத்தாம் மாடி, மூவறை வீடு. மூவறை என்றால் கூடத்தையும் சேர்த்து எண்ணுவார்கள், படுக்கையறை இரண்டுதான். பரப்பு 67 சதுர மீட்டர், நம் கணக்கில் 720 சதுர அடி. நிலைப்படியில் காய்ந்த மாவிலைத் தோரணம். கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். நான் கூடத்தை அளந்தேன். மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது, குளியலறைக் கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிறதா, மின்தூக்கி இந்த மாடியில் நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். மின்தூக்கியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய புளோக்குகளில் அது எல்லா மாடியிலும் நிற்காது. நாலைந்து மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். பிற்பாடு அரசு செலவழித்து எல்லா மாடியிலும் நிற்க வைத்தது. முழங்கால் வலிக்காரர்கள் நிறைந்த புளோக்கில் அந்த ஒரு மாற்றத்துக்கு இருந்த மதிப்பு, பளிங்குத் தரைக்குக் கிடையாது.

அம்மா என் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, கிச்சன் போன வருஷந்தான் செஞ்சது. இருபதாயிரம் வெள்ளி ஆச்சு. சேத்துக்குவீங்கல்ல?"

"கொஞ்சம் சேரும்மா. முழுசா சேராது."

"சாமி ரூம்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வேறொன்று கேட்டார். எதிர்வீட்டுச் சீனர் போன மாதம் விற்றாராம். மதிப்புக்கு மேலே முப்பதாயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ரொக்கமாக வாங்கினாராம். தனக்கும் அதுபோல் வருமா? "அத நான் சொல்ல முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தொழில் முறைப்படி அது சரியான பதில். சரியான பதில்தானா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விலை, மதிப்பு என்று இரண்டு சொற்களைத் தமிழ் வைத்திருக்கிறது. வில் என்ற வினையோடு ஒட்டி நிற்பது விலை; விற்றால்தான் அது உண்டு. மதிப்பு என்பதில் மதித்தல் இருக்கிறது. யாரோ ஒருவர் நின்று நிதானித்துப் பார்த்து இவ்வளவு பெறும் என்று எண்ணுவது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்த எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைமாறிய பணம் இன்னொன்று என்று தமிழ்நாட்டில் பால்காரருக்கும் தெரியும். சந்தையில் தாராளமாக விற்கும் வீட்டில் இந்த இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறத்தாழச் சேர்ந்து ஓடும். அரசு சலுகை விலையில் கொடுத்த வீட்டில் அப்படி ஓடாது. அதை யார் வாங்கலாம், எத்தனை ஆண்டு கழித்து விற்கலாம், முழுவதையும் வாடகைக்கு விடலாமா, என்றைக்கு வீடு அரசிடம் திரும்பிப் போகும் என்று ஒவ்வொரு சுவரிலும் ஒரு விதி எழுதியிருக்கிறது. சுவரை அளப்பது எளிது. விதியை அளக்க நாடா இல்லை.

முதலில் அந்த முப்பதாயிரம் ரொக்கத்தின் கதை. அன்று நடைமுறை இப்படி: விற்பவர் முதலில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பார். என்னைப் போன்ற ஒருவர் போய் ஓர் எண்ணைக் கொடுப்போம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்குபவரிடம் பேரம் தொடங்கும். பேரம் விலையைப் பற்றியதாக இருக்காது. எண்ணுக்கு மேலே எவ்வளவு என்பதைப் பற்றியதாக இருக்கும். வங்கிக் கடனும், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியும் மதிப்பு வரைக்கும்தான் வரும். மேலே கொடுப்பது முழுக்கச் சொந்த ரொக்கம். நாங்கள் கொடுத்த எண் ஏலத்தின் தொடக்க விலையாக ஆகிவிட்டது. அடுத்த மாதம் வருபவர் அந்த விற்பனையை ஒப்பிட்டுப் புதிய எண் கொடுப்பார். அதற்கு மேலே மறுபடி ரொக்கம். ஏணியில் ஏறியவர்களே ஏணிக்குப் படியும் அடித்துக்கொண்டு போனது போல.

2014 மார்ச் 10 அன்று இதைத் தலைகீழாக்கினார்கள். இப்போது விலையை முதலில் பேசி முடிக்க வேண்டும். வாங்குபவர் அதிகபட்சம் ஆயிரம் வெள்ளி கொடுத்து விருப்புரிமைப் பத்திரம் வாங்குவார். அதன்பிறகுதான் வீவகவிடம் மதிப்பு கேட்க முடியும். பேரத்தின்போது மதிப்பு யார் கையிலும் இருக்காது. நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். எங்களில் பலருக்குப் பிழைப்பு குறைந்தது என்றாலும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஏற்கெனவே பேசி முடித்த விலையைக் கண்ணால் பார்த்துவிட்டு மதிப்பைச் சொல்பவர் எவ்வளவு தூரம் அதிலிருந்து விலகத் துணிவார்? மனிதர்தானே.

இனிப் புதிய வீட்டுக்கு வருவோம். தேவைக்கேற்பக் கட்டித் தரும் புதிய வீட்டின் விலையை வீவக எப்படி வைக்கிறது? கட்டுமானச் செலவோடு இத்தனை சதவீதம் என்று அது கூட்டுவதில்லை. அக்கம்பக்கத்து மறுவிற்பனை விலைகளைப் பார்த்து, இந்தப் புது வீடு சந்தையில் என்ன பெறும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து சலுகையைக் கழிக்கிறது. மதிப்பீடு செய்கிறவன் காதுக்கு இது நேர்மையான முறையாகத்தான் கேட்கும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். மறுவிற்பனை விலை எதனால் ஏறுகிறது? புது வீடு கிடைக்காதவர்கள், காத்திருக்க முடியாதவர்கள் அங்கே போவதால் ஏறுகிறது. எத்தனை புது வீடு கட்டுவது என்று முடிவு செய்பவர் யார்? அதே அரசு. ஆக, நாங்கள் ஒப்பீட்டுக்கு எடுக்கும் 'சந்தை விலை' காட்டில் தானாக முளைத்த செடி அன்று. தோட்டக்காரர் தண்ணீர் விட்டு வளர்த்தது. அதை அளந்து சொல்வதில் தவறில்லை. அது காட்டுச்செடி என்று சொல்வதுதான் தவறு.

நிலத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1966இல் வந்த நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் தீவின் பெரும் பகுதி அரசின் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் இழப்பீட்டை 1973 நவம்பர் 30 அன்றைய மதிப்பில் கட்டிப்போட்டிருந்தார்கள். சந்தை அதைத் தாண்டி எங்கேயோ போனாலும் அந்தத் தேதி நின்ற இடத்தில் நின்றது. பிறகு தேதியை நகர்த்தினார்கள். முழுச் சந்தை மதிப்பு தருவது 2007இல்தான் சட்டமாயிற்று. இன்று வீவக புது வீடு கட்ட நிலம் எடுக்கும்போது அரசின் தலைமை மதிப்பீட்டாளர் அந்த நிலத்துக்கு இன்றைய மதிப்பைப் போடுகிறார். அந்தப் பணம் நாட்டின் கையிருப்புக்குப் போகிறது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இரண்டு நாள் இதைப் பற்றித்தான் வாதாடினார்கள். குடியிருக்க வாங்குபவரிடம் நிலத்தின் விலையை ஏன் வாங்க வேண்டும் என்றது சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி. அப்படிச் செய்வது கையிருப்பில் கை வைப்பது என்றது அரசு. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் மலிவு வீடு பற்றிய சண்டை கடைசியில் ஒரு மதிப்பீட்டாளரின் எண்ணில் வந்து நின்றதைக் கவனித்தேன்.

சரி, அந்த அம்மாவிடம் திரும்புவோம்.

1989 மார்ச் 1 முதல் அங்கே இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. அதை அறிவித்த அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பது நோக்கம். 1964இல் இனக் கலவரம் பார்த்த ஊர். அந்த அச்சத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25 சதவீதம், இந்தியரும் பிறரும் 15 சதவீதம் என்று மேல்வரம்பு. சுற்று வட்டாரத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. வரம்பு நிரம்பியதா என்ற கணக்கு மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று. இந்தியர் வரம்பு நிரம்பினால் இந்திய விற்பனையாளருக்குச் சிக்கல் இல்லை. அவர் யாருக்கும் விற்கலாம். சிக்கல் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வருகிறது. அங்கே ஒரு தமிழர் சீனருக்கு விற்றால் சீனர் விகிதம் கூடிவிடும். ஆகவே விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் சீனர். அந்த மூன்று பங்கு வாடிக்கையாளரும் அவர் வாசலோடு திரும்பிப் போக வேண்டும். எதிர்வீட்டுச் சீனருக்கோ, சீனர் வாங்கலாம், மற்றவரும் வாங்கலாம். ஒரே தளம், ஒரே பரப்பு, ஒரே மேற்கு வெயில். ஒருவருக்கு முழுச் சந்தை, இன்னொருவருக்குக் கால் சந்தை.

அம்மாவின் புளோக் அப்படிப்பட்டது. முகவர் மாதம் பிறந்தால் கணினியில் பார்ப்பாராம்: வரம்பு இறங்கியதா, இல்லையா. இறங்கவில்லை. வீடு பார்க்க வந்த சீனத் தம்பதி ஒன்று, வீடு பிடித்தும், 'தகுதி இல்லை' என்று திரும்பியது.

கொள்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 2021இல் எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங் இதைக் காலப்போக்கில் கைவிட வேண்டும் என்று பேசினார், அரசு மறுத்தது. மறு ஆண்டு, விற்க வழியே இல்லாமல் தவிப்பவர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தார்கள். பிரச்சினை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். என் வாதம் தொழில் அளவில் சின்னது. ஊருக்கெல்லாம் நன்மை தரும் ஒரு விதியின் செலவை ஒரு மாடியில் ஒரு வீட்டுக்காரர் சுமக்கிறார் என்றால், அந்தச் செலவு எவ்வளவு என்று எழுதிக் காட்டுவது யார் வேலை? என் அறிக்கையில் நான் எழுதவில்லை. எதிர்வீடு உட்பட அண்மை விற்பனைகளை ஒப்பிட்டு ஓர் எண் கொடுத்தேன். இலக்கணப்படி பிழையில்லை.

வயதும் இப்படித்தான். வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. எத்தனை ஆண்டு மிச்சம் இருந்தால் எவ்வளவு மதிப்பு என்பதற்கு அங்கே அரசு நில நிர்வாகத்தில் ஓர் அட்டவணை உண்டு. 'பாலா அட்டவணை' என்பார்கள். நில அலுவலகத்தில் வேலை பார்த்த பாலா என்ற ஒருவர் பெயரால் வந்தது என்று சொல்வது வழக்கம். உலகில் எத்தனையோ கணக்கு வாய்பாடுகளுக்கு வெள்ளைக்காரர் பெயர் இருக்க, இதற்கு நம்மூர்ப் பெயர் இருப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். நிரந்தர உரிமை நிலத்தை நூறாக வைத்தால் 99 ஆண்டுக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60. முதல் முப்பத்தொன்பது ஆண்டில் பதினாறுதான் இறங்குகிறது. கடைசி முப்பதில் அறுபதும் போய்விடுகிறது. பழத்தின் அழுகல் போல, உள்ளே தொடங்கி வெளியே தெரிய நாளாகும்.

தெரிந்த நாள் 2017 மார்ச். கடைசியில் எல்லா வீடும் இழப்பீடின்றி அரசிடம் திரும்பும். பழைய வீடுகள் எல்லாவற்றையும் இடித்துப் புது வீடு தருவார்கள் என்று எண்ணி அதிக விலை கொடுக்காதீர்கள் என்று அன்றைய அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது இடி. சொல்லப்போனால் ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே இருந்த செய்திதான். 2020 டிசம்பர் 31 அன்று கேலாங் லோரோங் 3இல் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை முடிந்தது. அவை வீவக வீடுகள்கூட இல்லை, தனியார் வீடுகள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டு மதிப்பு பூச்சியம் ஆவது எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்த நான் அன்று தொலைக்காட்சியில் பார்த்தேன்.

2019 மே மாதம் இன்னொரு விதி வந்தது. வாங்குபவரில் இளையவருக்கு 95 வயது வரும்வரை குத்தகை மிச்சம் இருந்தால்தான் சேம நிதியை முழு அளவில் எடுக்கலாம். குறைந்தால் விகிதப்படி வெட்டு. 55 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை நாற்பது வயதுக்காரர் முழுச் சேம நிதியோடு வாங்குவார். முப்பது வயதுக்காரரால் முடியாது. வீடு அதே வீடு. ஆக, இனத்துக்கு ஏற்ப ஒரு மதிப்பு, வயதுக்கு ஏற்ப ஒரு மதிப்பு. அதோடு வரிக்காரரின் ஆண்டு மதிப்பு வேறு: வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கற்பனை செய்து, சொந்த வீட்டில் தானே குடியிருக்கும் கிழவிக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் சொத்து வரிக் கணக்கு தொடங்கும்.

மற்ற நாட்டார் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் 1984இல் தொடங்கிய நில அறக்கட்டளை ஒன்று உண்டு. குடும்பம் வீட்டை மட்டும் வாங்கும், நிலம் அறக்கட்டளையுடையது. வாங்கும்போது ஒரு மதிப்பீடு, விற்கும்போது ஒரு மதிப்பீடு. இரண்டுக்கும் இடையே ஏறியதில் கால் பங்கு குடும்பத்துக்கு. மிச்சம் வீட்டிலேயே தங்கி அடுத்தவருக்கு மலிவாகும். இங்கே மதிப்பீட்டாளர் எழுதும் எண்ணே பங்கீட்டுப் பத்திரம். ஒளிவு மறைவுக்கு இடம் குறைவு. சிங்கப்பூரும் 2021 நவம்பரில் ரோச்சோரில் நகர மைய வீடுகளை விற்றபோது, முதலில் வாங்கியவர் விற்கையில் விலையில் 6 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஏறிய தொகையில் பங்கு கேட்பது ஒரு நியாயம், மொத்த விலையில் பங்கு கேட்பது வேறொரு நியாயம். எனக்குப் பர்லிங்டன் கணக்கு பிடிக்கும்.

அதே அமெரிக்காவில் 1986இல் வந்த வரிச் சலுகைத் திட்டத்தில் கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்புகளைப் பற்றி ஓயாத வழக்கு உண்டு. சொத்து வரிக்கு மதிப்பிடும்போது எந்த வாடகையை எடுப்பது? விதி அனுமதிக்கும் குறைந்த வாடகையையா, பக்கத்துத் தெருவின் சந்தை வாடகையையா? சந்தை வாடகையை எடுத்தால், வாங்க முடியாத பணத்துக்கு வரி கட்ட வேண்டும். பல மாநிலங்கள் சட்டம் போட்டுத்தான் தீர்த்தன.

சிங்கப்பூரில் வீவகவின் வாடகை வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஓரறை வீட்டுக்கு மாதம் 26 வெள்ளியிலிருந்து 205 வெள்ளி வரை. ஈரறைக்கு 44இலிருந்து 275 வரை. குடும்ப வருமானத்தைப் பார்த்து, முன்பு சலுகை வாங்கியவரா என்று பார்த்து வைக்கும் வாடகை. ஒருமுறை அப்படிப்பட்ட புளோக் ஒன்றில், வேறு வேலையாகப் போனபோது, சட்டையில் நிறுவன முத்திரையைப் பார்த்த ஒரு பெரியவர் வாசலை மறித்துக் கேட்டார்: "இந்த வீடு என்ன பெறும், சார்?" விற்க முடியாது, உள்வாடகைக்கு விட முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. வாய்பாட்டில் போட்டால் பூச்சியம் வரும். பின்னால் கட்டிலும் ஒரு சைக்கிளும் இருந்தன. "நல்லா பெறும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பது ஆண்டில் அளவுநாடா இல்லாமல் நான் சொன்ன ஒரே மதிப்பீடு அது.

அந்த அம்மாவின் வீடு சில மாதம் கழித்து விற்றது. வாங்கியவர்கள் ஓர் இளம் தமிழ்த் தம்பதி. நான் எழுதிய எண்ணைவிடப் பதினோராயிரம் வெள்ளி குறைவு என்று முகவர் பின்னொரு நாள் சொன்னார். பேரம் பேச வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு மகள் வீட்டோடு போய்ச் சேர அவசரம். சாமி அறையை அந்தப் பெண் அப்படியே வைத்துக்கொண்டாளாம்.

மறுவிற்பனைத் தரவுகளை வீவக பொதுவில் வெளியிடுகிறது, நல்ல வழக்கம். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: மாதம், பேட்டை, வீட்டு வகை, புளோக் எண், தெரு, மாடி வரம்பு, பரப்பு, மாதிரி, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை. அம்மாவின் வீடும் அதில் ஒரு வரியாக இருக்கிறது. மாடி வரம்பு 10 முதல் 12, பரப்பு 67. விற்றவர் யாருக்கு விற்க முடிந்தது, யாருக்கு விற்க முடியவில்லை என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அடுத்த மாதம் அதே புளோக்குக்கு வேறொரு வீட்டை மதிப்பிட என்னை அனுப்பினார்கள். ஒப்பீட்டு விற்பனைகளில் முதலாவதாக அந்த வரியைத்தான் எடுத்து எழுதினேன்.